சாவி யாரிடம் இருக்கும்?

(ஊராட்சி, நிலம், அலுவலக நடைமுறை பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, வட்டார வளர்ச்சி அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்லும் பகுதி. இந்த மாதம்: பூட்டிக் கிடக்கும் அரசுக் கட்டடங்கள்.)

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, சாலையோரம் கட்டிய புதுக் கட்டடத்துக்குப் போய் எட்டு வருடம் ஆகிறது. ஊருக்குள் இருக்கும் பழைய ஓட்டுக் கட்டடம் அப்படியே பூட்டிக் கிடக்கிறது. இரண்டு வகுப்பறை, ஒரு தாழ்வாரம், முன்னால் ஒரு வேப்பமரம். இளைஞர்கள் சேர்ந்து சுத்தம் செய்து, வெள்ளையடித்து, ஊருக்கு ஒரு பொதுக்கூடமும் படிப்பகமும் ஆக்க நினைக்கிறோம். தலைவர், “செய்யுங்க தம்பி, நான் பாத்துக்கறேன்” என்கிறார். பூட்டை உடைத்துத் தொடங்கிவிடலாமா?
– வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்

பூட்டில் கை வைக்காதீர்கள் தம்பி. உங்கள் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது ஊராட்சி ஒன்றியத்தின் கட்டடம். உங்கள் தலைவர் கிராம ஊராட்சித் தலைவர். அவருக்குச் சொந்தமில்லாத பூட்டை அவர் வாய்மொழியில் உடைத்தால், நாளைக்கு ஓடு ஒன்று விழுந்து யாருக்காவது தலையில் பட்டதும் “நான் சொல்லவேயில்லை” என்று சொல்ல அவரால் முடியும். நீங்கள் காட்டுவதற்கு ஒரு காகிதம் இருக்காது.

ஒரு பழைய அரசுக் கட்டடத்தைப் பார்த்ததும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். அடியில் இருக்கும் நிலம் யாருடையது? மேலே நிற்கும் கட்டடம் யாருடையது? அதைப் பயன்படுத்த அனுமதி தருகிறவர் யார்? மூன்றுக்கும் ஒரே பதில் வரும் என்று நினைத்துத்தான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். நிலம் நத்தம் புறம்போக்காக வருவாய்த் துறைக் கணக்கில் இருக்கலாம். கட்டடம் ஊராட்சி ஒன்றியத்தின் சொத்துப் பதிவேட்டில் இருக்கும். சாவி மட்டும் வட்டாரக் கல்வி அலுவலகத்தின் ஏதோ ஒரு மேசை இழுப்பறையில் கிடக்கும்.

முதலில் நிலத்தைப் பாருங்கள். புல எண் தெரிந்தால் ‘அ’ பதிவேட்டு (எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் வருவாய்க் கணக்கு) நகலை இணையத்திலேயே எடுக்கலாம். புல எண் தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்பட நகல் கேளுங்கள். ‘அ’ பதிவேட்டில் வகைப்பாடு என்ன என்று பாருங்கள். நத்தம், அரசு புறம்போக்கு என்றால் வழி இருக்கிறது. குளம், ஓடை, வாய்க்கால் என்று ஏதாவது நீர்நிலைப் பெயர் இருந்தால் திட்டத்தை அங்கேயே மடித்து வைத்துவிடுங்கள். கட்டியது அரசாங்கமே ஆனாலும் அது நீர்நிலை ஆக்கிரமிப்புத்தான். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. நீர்நிலை விஷயத்தில் நீதிமன்றங்களும் இளகுவதில்லை. இருக்கிற கட்டடத்தை யாரும் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார்கள். நீங்கள் பெயிண்ட் அடித்த மறுமாதம்தான் யாராவது வழக்குப் போடுவார்கள்.

அடுத்தது கட்டடம். ஒன்றிய அலுவலகத்தில் இரண்டு வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இருப்பார்கள்: ஒருவர் வட்டார ஊராட்சிக்கு (ஊராட்சி ஒன்றியம் என்பதும் அதுதான்), இன்னொருவர் கிராம ஊராட்சிகளுக்கு. நீங்கள் போக வேண்டியது முதலாமவரிடம். பாதிப் பேர் மற்றவரிடம் மனுவைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அங்கே கேட்க வேண்டியது இரண்டே விஷயம்: இந்தக் கட்டடம் சொத்துப் பதிவேட்டில் எந்த நிலையில் இருக்கிறது, கல்வித் துறை அதைத் தேவையில்லை என்று எழுத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டதா. இரண்டாவதற்குப் பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். பள்ளி இடம் மாறியதோடு சரி, ஒப்படைப்புக் கடிதம் எழுத யாருக்கும் தோன்றியிருக்காது. அந்தக் கடிதம் வராமல் எந்தக் கோப்பும் நகராது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய ஒரு மனு, 30 நாளில் பதில், வராவிட்டால் மேல்முறையீடு. ஆனால் முதல் கடிதமே அதுவாக இருக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் சொல்கிறேன்: கேட்டு வருகிறவனுக்குப் பதிவேட்டைப் புரட்டிக் காட்டுகிற எழுத்தர், தகவல் உரிமை மனு என்றால் கேட்ட வரிக்கு மட்டும் ஒரு வரி எழுதி அனுப்புவார். நேரில் போய், சாதாரண மனு கொடுத்து, ந.க. எண் (உங்கள் கோப்புக்கு அலுவலகம் போடும் எண்) வாங்கிக்கொண்டு வாருங்கள். அந்த எண்ணைச் சொல்லி அடுத்த முறை கேட்டால் கோப்பு எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். இழுத்தடித்தால் அப்புறம் 10 ரூபாய் வில்லையை எடுங்கள்.

இதற்கு நடுவில் கிராமசபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு. அடுத்து வருவதைப் பிடியுங்கள். தீர்மானத்தில் என்ன எழுதுகிறீர்கள் என்பதில்தான் சூட்சுமம். “பழைய பள்ளிக் கட்டடத்தைச் சமுதாயக் கூடமாக மாற்றித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்பட்டது” என்று ஒரு வரி எழுதி, அடுத்த வரியில் தெருவிளக்குக்குப் போய்விடுவார்கள். அப்படிப்பட்ட தீர்மானத்தை வைத்துக்கொண்டு எந்த அலுவலரும் கருத்துரு (மேலிடத்து ஒப்புதலுக்கு அனுப்பும் முன்மொழிவு) எழுத முடியாது. இப்படி எழுதச் சொல்லுங்கள்:

“புல எண் இன்னதில், இத்தனை சதுர அடியில் அமைந்துள்ள, இந்த ஆண்டு முதல் பயன்பாட்டில் இல்லாத ஊராட்சி ஒன்றியப் பழைய பள்ளிக் கட்டடத்தை, பொதுக்கூடம் மற்றும் படிப்பகமாகப் பயன்படுத்தும் பொருட்டு, இக்கிராம ஊராட்சியின் பராமரிப்பில் ஒப்படைக்குமாறு ஊராட்சி ஒன்றியத்தைக் கோருவதென்றும், மின்கட்டணம் மற்றும் ஆண்டுப் பராமரிப்புச் செலவை ஊராட்சி பொது நிதியிலிருந்து மேற்கொள்வதென்றும், நிர்வாகத்துக்கு இன்னின்னார் கொண்ட குழு அமைப்பதென்றும் தீர்மானிக்கப்பட்டது.”

பாருங்கள், நிலத்தையோ கட்டடத்தையோ எங்களுக்கு எழுதிக் கொடு என்று இதில் கேட்கவில்லை. பயன்படுத்தவும் பராமரிக்கவும்தான் கேட்கிறோம். உரிமை மாற்றம் என்ற சொல் வந்தால் வருவாய்த் துறை, மாவட்ட ஆட்சியர், நில மதிப்பு என்று கோப்பு நீண்டுகொண்டே போகும். பராமரிப்பு ஒப்படைப்பு என்றால் ஒன்றியக் குழுத் தீர்மானம், பொறியாளர் அறிக்கை, ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு பார்வை என்ற அளவில் முடிய வாய்ப்புண்டு. மின்கட்டணத்தை யார் கட்டுவது என்பதை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால், கோப்பைப் பார்க்கிற அதிகாரிக்குப் பாதிக் கவலை தீர்ந்துவிடும். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலமானாலும் வழி இதேதான், கையெழுத்துப் போடுகிறவர் மட்டும் மாறுவார்.

வேப்பமரத்தை வெட்டாதீர்கள். கூட்டம் பாதி அதன் அடியில்தான் நடக்கப்போகிறது.

நான் வார்டு உறுப்பினர். எங்கள் பழைய பள்ளியைப் பார்த்த பொறியாளர் இடிக்கத் தகுந்தது என்று எழுதிவிட்டார். சுவர் கல் மாதிரி இருக்கிறது மேடம். அந்தக் காலத்துக் கட்டடம். புதுக் கட்டடத்துக்கு ஒப்பந்தம் விடத்தான் இந்த அவசரம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

ஊர் பேச்சில் உண்மை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பொறியாளர் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் செத்துப்போனார்கள். அதற்கப்புறம் மாநிலம் முழுக்கப் பழைய பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கச் சொன்னார்கள். “நன்றாக இருக்கிறது” என்று கையெழுத்துப் போட்டு, பின்னால் ஏதாவது நடந்தால் மாட்டிக்கொள்வது அந்த உதவிப் பொறியாளர்தான். இடி என்று எழுதினால் அவரை யாரும் கேட்கப்போவதில்லை. அதனால் சந்தேகம் வந்தால் பேனா இடிக்கிற பக்கமே சாயும்.

சுவர் கல் மாதிரி இருப்பது மட்டும் போதாது. அந்தக் கல்லை ஒட்டியிருப்பது எது என்று பாருங்கள். சுண்ணாம்புச் சாந்தாக இருந்தால் நல்லது. செம்மண் சாந்தில் கட்டிய சுவருக்கு, மேல்பூச்சு இருக்கும்வரை உயிர். பூச்சு உதிர்ந்து மழை உள்ளே இறங்கிவிட்டால் வெளியே வீரமாக நிற்கும், உள்ளே கரைந்துகொண்டிருக்கும். அடிப்பகுதியில் ஒரு இடத்தில் பூச்சைச் சுரண்டி, இணைப்பை ஒரு ஆணியால் கிளறிப் பாருங்கள். பொலபொலவென்று கொட்டினால் பொறியாளர் சொன்னது சரி.

ஓட்டுக் கூரையானால் ஓட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், மாற்றிவிடலாம். கைமரமும் ரீப்பரும் சுவரில் உட்காரும் இடத்தைப் பாருங்கள். கரையான் அங்கேதான் தொடங்கும். கான்கிரீட் தளமானால் கம்பி தெரிகிறதா என்று பாருங்கள். துருவுக்கு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அதனால்தான் சிமெண்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. இதற்கு மேலே ஒரு பூச்சுப் பூசி வெள்ளையடித்துக் கொடுப்பார்கள், இரண்டு மழைக்காலத்தில் அப்படியே பாளமாக விழும். துருவைச் சுரண்டி எடுத்து, கம்பிக்குத் துருத்தடுப்புப் பூசி, அப்புறம்தான் சாந்து போட வேண்டும். கம்பி பாதி மெலிந்து போயிருந்தால் அந்தத் தளத்தை விட்டுவிடுங்கள். மொட்டை மாடியில் மழைநீர்க் குழாய் வாயை அடைத்துக்கொண்டு ஒரு அரசங்கன்று நிற்கும் பாருங்கள், பெரும்பாலான கட்டடங்களைக் கெடுத்தது அதுதான். அதைப் பிடுங்க ஒரு ஆளும் அரை மணி நேரமும் போதும். அதைச் செய்யாமல் விட்டுவிட்டு லட்சக்கணக்கில் மதிப்பீடு போடுவோம்.

நீங்கள் செய்ய வேண்டியது: இடிக்கச் சொன்ன அறிக்கையின் நகலைக் கேளுங்கள். அதில் காரணம் எழுதியிருக்க வேண்டும். “பழமையானது” என்பது காரணம் ஆகாது. காரணம் இல்லாவிட்டால், பொதுப்பணித் துறையின் உறுதித்தன்மை அறிக்கை ஒன்று பெற வேண்டும் என்று ஊராட்சி மன்றத்தில் தீர்மானம் போட்டு ஆட்சியருக்கு அனுப்புங்கள். அதிலும் இடி என்று வந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். பழைய கட்டடத்தின் மேல் இருக்கும் பாசத்துக்காகப் பெண்களையும் பிள்ளைகளையும் அதன் கீழே உட்கார வைக்க முடியாது. ஓடு, மரம், கதவு, ஜன்னல் ஏலம் போன தொகை எந்தக் கணக்கில் ஏறுகிறது என்பதை மட்டும் விடாமல் கேளுங்கள்.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் கட்டிய கிராம சேவை மையம் எங்கள் ஊரில் திறப்பு விழாவோடு சரி. உள்ளே உரமூட்டையும் உடைந்த நாற்காலியும் கிடக்கின்றன. ஏன் இப்படி?
– வாசகர், விழுப்புரம் மாவட்டம்

கட்டடத்துக்கு நிதி இருந்தது, அதற்குள் உட்காரும் ஆளுக்கு நிதி இல்லை. அவ்வளவுதான்.

இது புதிதுமல்ல. என் வயதுக்காரர்களுக்கு ஊராட்சி ரேடியோ ரூம் நினைவிருக்கும். சாயங்காலம் ஊரே அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும். அப்புறம் அது டி.வி. ரூம் ஆனது. 2006-க்குப் பிறகு அரசே வீட்டுக்கு வீடு வண்ணத் தொலைக்காட்சி கொடுத்ததும் அந்த அறைக்கு வேலை போய்விட்டது. அதே ஆண்டுகளில் அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் என்று ஊராட்சிக்கு 20 லட்சம் ரூபாய் கொடுத்து, குளம், சுடுகாடு, விளையாட்டுத் திடலோடு ஒரு நூலகமும் கட்டினார்கள். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தினமும் திறந்து மூடுகிற ஆள் நிலைத்த ஊரில் நூலகம் பிழைத்தது, மற்ற ஊரில் கட்டடம் மட்டும் மிஞ்சியது. உங்கள் மாவட்டத்தில் பயணம் போகும்போது சாலையோரம் மஞ்சள் பூச்சு உதிர்ந்து, ‘அறிவுத் திருக்கோயில்’ என்ற மாதிரி வாசகத்தோடு பூட்டிக் கிடக்கும் அறையைப் பார்த்தால் கதை இதுதான்.

உங்களுக்கு ஒரு வசதி. இந்தச் சேவை மையம் ஊராட்சியின் சொந்தக் கட்டடம். புதுக்கோட்டைத் தம்பிக்குச் சொன்ன சுற்று எதுவும் தேவையில்லை. ஊராட்சித் தீர்மானம் போதும். உரமூட்டை யாருடையது என்று மட்டும் கேட்காதீர்கள், உங்களுக்கே தெரிந்திருக்கும். “ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்துவிடுங்கள்” என்று சொல்லி அனுப்புங்கள்.

எங்கள் மகளிர் குழுவுக்குக் கூட்டம் போட இடமில்லை. சமுதாயக் கூடம் என்று ஒன்று இருக்கிறது. பகலில் சீட்டாட்டம், ராத்திரி பாட்டில். புதிதாக ஒன்றைச் சரிசெய்து திறக்கப் போகிறார்களாம். அதுவும் இப்படித்தான் ஆகுமா?
– வாசகி, கடலூர் மாவட்டம்

சாவியை இப்போதே கேட்டு வாங்காவிட்டால் ஆகும் அம்மா.

திறந்தே கிடக்கும் பொது இடம் எல்லாருக்கும் பொது என்று நினைக்கிறோம். அது முதலில் வந்து உட்காருகிறவனுக்குச் சொந்தம். காலை பத்து மணிக்கு வேலை இல்லாமல் வந்து உட்கார ஊரில் யாருக்கு முடியும்? உங்களுக்கு முடியாது. தண்ணீர், மாடு, வயல், பிள்ளை என்று நீங்கள் வருவதற்குள் சீட்டுக்கட்டு பிரிந்துவிடும். சீட்டாட வருகிறவர்களை விரட்டப் பலகை மாட்டிப் பிரயோஜனமில்லை. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு வேலையைக் கட்டடத்தில் நிரப்ப வேண்டும். காலையில் படிப்பகம், மதியம் உங்கள் குழுவின் தையலோ கணக்கு வேலையோ, மாலையில் பிள்ளைகளின் வீட்டுப்பாடம். எட்டு மணிக்குப் பூட்டு. காலியாக இருக்கும் நேரம் எவ்வளவோ, அவ்வளவு நேரமும் பாட்டிலுக்கு.

நான் வேலையில் இருந்தபோது பார்த்த வரையில், பிழைத்த கூடங்களில் எல்லாம் சாவி பக்கத்து வீட்டுப் பெண் ஒருவரிடம் இருந்தது. தலைவர் வீட்டில் இருந்தால் தலைவர் ஊரில் இல்லாத நாளில் திறக்காது. ஊராட்சிச் செயலர் வேறு ஊரிலிருந்து வருகிறவராக இருப்பார். இளைஞர் மன்றத்திடம் கொடுத்தால் மன்றம் இரண்டாக உடையும் வருடத்தில் பூட்டும் இரண்டாகும். உங்கள் குழுக்களுக்கு ஊராட்சி அளவில் கூட்டமைப்பு இருக்கிறதல்லவா? தினசரித் திறப்பும் துப்புரவும் அதன் பொறுப்பு என்று தீர்மானத்திலேயே எழுத வையுங்கள். அதற்கு மாதம் ஒரு தொகையும் எழுத வையுங்கள். சும்மா செய்யச் சொன்னால் செய்யாதீர்கள். ஊர்ச் சேவை என்ற பெயரில் பெண்களிடம் இலவசமாக வேலை வாங்குவதில் நம் ஊர்களுக்கு நல்ல பழக்கம்.

இன்னொன்று கழிவறை. இதை மதிப்பீட்டில் கடைசியில் சேர்ப்பார்கள், பணம் போதவில்லை என்றால் முதலில் நீக்குவார்கள். தண்ணீர் இணைப்போடு, உள்ளே தாழ்ப்பாளோடு, கட்டடத்தை ஒட்டியே இருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நில்லுங்கள். கழிவறை இல்லாத கூடத்தில் பெண்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார மாட்டார்கள். சாய்தளமும் அப்படித்தான். தரைமட்டம் இரண்டடி உயரம் என்றால் சாய்தளம் 24 அடி நீளம் வேண்டும், ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு. ஆறடியில் ஒரு சறுக்குமரம் கட்டி “மாற்றுத்திறனாளிகளுக்கு” என்று எழுதி வைப்பார்கள். அதில் சக்கர நாற்காலி ஏறாது, இறங்கினால் நிற்காது.

பணத்துக்கு எங்கே போவது?
– வாசகர், தேனி மாவட்டம்

ஒரே வரியில் கேட்டுவிட்டீர்கள். நானும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊராட்சி பொது நிதியில் சிறு பழுது பார்க்கலாம். பெரிய வேலைக்கு ‘நமக்கு நாமே’ திட்டம்: மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர் கட்டினால் மீதியை அரசு போடும். வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகளிடம் வசூலிக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது, அவர்கள் போடும் ஒரு ரூபாய் மூன்று ரூபாயாகிறது. சட்டமன்ற உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி ஒதுக்குகிறார்கள். ஆனால் அவர்களுக்குப் பழுது பார்ப்பதில் ருசி குறைவு. புதுக் கட்டடத்தில் பெயர்க் கல்வெட்டு பளிச்சென்று தெரியும். எனவே அவர்களிடம் கழிவறை, சுற்றுச்சுவர், முன்கூரை மாதிரி புதிதாகக் கட்டும் பகுதியைக் கேளுங்கள்.

நூலகத்தையும் சேர்க்க நினைத்தால் மாவட்ட நூலக அலுவலகத்தில் பகுதி நேர நூலகம் கேட்டுப் பாருங்கள். ஊர் இடம் கொடுத்து, உறுப்பினர்களையும் புரவலர்களையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கேட்க உங்களுக்குக் கூச்சம் வேண்டாம். 1948-இல் சென்னை மாகாணத்தில் நூலகச் சட்டம் வந்த நாளிலிருந்து வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். உங்கள் வரி ரசீதைப் புரட்டிப் பாருங்கள், அதற்கென்று தனி வரி இருக்கும்.

எங்கள் ஊரில் காலியாக இருக்கும் பழைய துணை சுகாதார நிலையக் கட்டடத்தைக் கூடமாக்க எல்லா அனுமதியும் வந்துவிட்டது. அது காலனித் தெரு தொடங்கும் இடத்தில் இருக்கிறது. இப்போது ஊர்ப் பெரியவர்கள் சிலர், “அங்கே வேண்டாம், கோயில் பக்கம் புதிதாகக் கட்டுவோம், இதை அவங்களே வச்சுக்கட்டும்” என்கிறார்கள். சமாதானமாகப் போகலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

போகக் கூடாது. இரண்டு கூடம் கட்டினால் சண்டை தீர்ந்துவிடும் என்று சொல்கிறவர்கள் பல ஊரில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். இரண்டு சுடுகாடு மாதிரி இரண்டு சமுதாயக் கூடம். இரண்டிலும் அரசுப் பணம்.

அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும், பொதுமக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட இடத்தில் சாதியைக் காரணம் காட்டி ஒருவரைத் தடுக்க முடியாது என்கிறது அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு. தடுத்தால் 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் “அவங்களே வச்சுக்கட்டும்” என்பவர் யாரையும் தடுக்கவில்லை, தான் வர மாட்டேன் என்கிறார். அதற்குச் சட்டத்தில் மருந்தில்லை. அதற்கு நிர்வாகத்தில்தான் மருந்து. ரேஷன் அட்டை முகாம், முதியோர் உதவித்தொகை மனு வாங்கும் நாள், பயிர்க் காப்பீட்டுக் கூட்டம், கால்நடைத் தடுப்பூசி, ஆகஸ்ட் 15 கிராமசபை, எல்லாவற்றையும் அந்தக் கட்டடத்தில் நடத்தச் சொல்லி வட்டார வளர்ச்சி அலுவலரையும் வட்டாட்சியரையும் கேளுங்கள். பென்ஷன் மனுவுக்கு வருகிற பெரியவர் வாசல்படியில் நின்றுகொண்டு உள்ளே வர மாட்டேன் என்று எத்தனை முறை சொல்வார்? மாட்டுக்கு ஊசி போட வேண்டுமென்றால் எல்லாத் தெரு மாடும் அங்கே வந்துதான் ஆக வேண்டும்.

நிர்வாகக் குழுவில் இரு தெருப் பெண்களும் சம எண்ணிக்கையில் இருக்கட்டும். தலைமை வருடா வருடம் மாறட்டும். புதிதாகக் கட்ட யாராவது கருத்துரு கொண்டுவந்தால், அதே ஊராட்சியில் பயன்படுத்தத் தகுந்த கட்டடம் ஒன்று இருக்கிறது என்று ஆட்சியருக்கு எழுதிப் போடுங்கள். தணிக்கையில் கேள்வி வரும் என்ற பயம் சில நேரம் நீதி உணர்வைவிட நன்றாக வேலை செய்யும்.

கூடத்தின் முன்னால் சின்னதாக ஒரு பிள்ளையார் வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், நாமக்கல் மாவட்டம்

வேண்டாம். பொதுத் தெரு, பூங்கா, பொது இடங்களில் புதிதாக எந்த வழிபாட்டுத் தலமும் கட்ட அனுமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது. பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கு ஊரில் ஏற்கெனவே அரசமரம் இருக்கும்.

கூடத்தைக் கல்யாணம், காதுகுத்துக்கு வாடகைக்கு விட்டு வருமானம் பார்க்கலாமா?
– வாசகர், சேலம் மாவட்டம்

விடலாம், ஊராட்சி ரசீது போட்டு, ஊராட்சிக் கணக்கில் கட்டினால். கட்டண விகிதத்தைத் தீர்மானத்தில் எழுதிச் சுவரிலும் எழுதுங்கள். ஆனால் மாதத்தில் இத்தனை நாளுக்கு மேல் விடுவதில்லை என்றும் எழுதுங்கள். முகூர்த்த மாதத்தில் வாடகை ருசி கண்டுவிட்டால் படிப்பகத்தின் அலமாரி பந்திப் பாத்திரங்களுக்குப் பின்னால் போய்விடும். மின் இணைப்பு யார் பெயரில், எந்தக் கட்டண வகையில் இருக்கிறது என்று முன்கூட்டியே பாருங்கள். பழைய கட்டடமானால் நிலுவை ஏதாவது நிற்கும். கல்யாணத்துக்கு முந்தின நாள் அது தெரியவந்தால் பெண் வீட்டாருக்குப் பதில் சொல்ல முடியாது.

எங்கள் தாத்தா பள்ளிக்கூடம் கட்ட 12 சென்ட் நிலம் கொடுத்தார். இப்போது பள்ளி அங்கே இல்லை. கூடமாக்கப் போகிறார்களாம். பள்ளி இல்லையென்றால் நிலம் எங்களுக்குத் திரும்ப வேண்டும்தானே?
– வாசகர், சிவகங்கை மாவட்டம்

பத்திரத்தைப் பார்க்காமல் ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுக்க, 1882-இன் சொத்து மாற்றச் சட்டப்படி, இரண்டு சாட்சி கையெழுத்திட்ட, பதிவு செய்த பத்திரம் வேண்டும். அப்படி ஒன்று இருந்து, அதில் நிபந்தனை எதுவும் இல்லையென்றால் நிலம் போனது போனதுதான். “பள்ளி நடக்கும்வரை” என்ற மாதிரி ஒரு வரி இருந்தால் உங்களுக்குப் பேச இடமுண்டு, வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அந்தக் காலத்தில் பலர் வாய்வார்த்தையாகவே கொடுத்தார்கள். வருவாய்க் கணக்கில் மட்டும் பெயர் மாறியிருக்கும், சில ஊரில் அதுவும் மாறியிருக்காது. அப்படியானால் அது உரிமையியல் நீதிமன்ற விஷயம், என் பத்தியில் தீராது.

ஊராட்சிக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: பெயிண்ட் வாங்குவதற்கு முன் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பத்திரம் மிகப் பழையதானால் இணையத்தில் அகப்படாது, சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடச் சொல்லி மனுப் போட வேண்டும். நிலம் கொடுத்த குடும்பத்தை முதல் கூட்டத்துக்கே கூப்பிடுங்கள். சொத்தைக் கேட்டு வருகிற பேரன்களில் பலர் கேட்க நினைப்பது தாத்தா பெயரில் ஒரு பலகை. பெயர் வைக்க ஊராட்சித் தீர்மானமும் மேல் அனுமதியும் வேண்டும், அதையும் அதே கருத்துருவில் சேர்த்து அனுப்பிவிடலாம்.

சிவகங்கை ஐயா, பத்திர நகல் கிடைத்தால் எனக்கு அனுப்புங்கள். படித்துப் பார்த்துவிட்டு அடுத்த இதழில் எழுதுகிறேன்.